ரூபனுக்கு இரண்டு துக்க வீடுகள்

செத்துப்போனவரின் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றியவன் நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நடந்த கூத்தில் பாதிக்கு நான் பொறுப்பு. மீதிப் பாதிக்கு வீரணன் அண்ணன்தான் பதில் சொல்ல வேண்டும்.

என் பெயர் ராம்கி. அவனியாபுரத்தில் போஸ்டர், பிளெக்ஸ் டிசைன் செய்யும் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று மனிதன் பிறந்ததிலிருந்து போய்ச்சேரும்வரை எல்லாவற்றுக்கும் மதுரையில் சுவரொட்டி வேண்டும். எங்கள் பகுதியில் ஒருவர் இறந்தால் முதலில் டாக்டருக்குத் தெரியும், அடுத்தது எனக்குத் தெரியும். சில நேரம் டாக்டருக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். அவசரக்கார மருமகன்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள்.

வீரணன் அண்ணன் என் கடைச் சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் காயில் கட்டுகிறார். கருகிப்போன மோட்டாரைத் திறந்து, பழைய செம்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டு, புதுக் கம்பியைச் சுற்று எண்ணிச் சுற்றி உள்ளே இறக்கும் வேலை. ஐம்பத்தொன்பது வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைக்குப் பின்னால் ஓர் அறை. அதில் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு டேப் ரெக்கார்டர். சுற்று எண்ணும்போது யார் பேசினாலும் எரிந்து விழுவார். டேப் மட்டும் ஓடலாம். அதிலும் அமெரிக்காவின் கறுப்பினப் பாடகர்கள் பெல்ஷா சகோதரர்கள் மட்டும்தான் ஓடலாம்.

பதினைந்து வருடமாக அந்தச் சுவர் வழியாக அவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆரம்பத்தில் ஆத்திரமாக வரும். கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்து அடுக்கிக்கொண்டிருப்பேன், பக்கத்தில் யாரோ வயிற்று வலிக்காரன் போல இழுத்து இழுத்துப் பாடுவான். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் போய்க் கேட்டேன்.

"அண்ணே, நம்ம பாட்டு ஏதாச்சும் போடக்கூடாதா?"

"இது யாரு பாட்டுங்குற? நம்ம பாட்டுத்தான். உக்காரு மாப்ள."

உட்காரவைத்துப் பாடம் எடுக்கவில்லை. கையில் இருந்த கம்பியைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு இடத்தை மட்டும் காட்டினார். "தம்பிகாரன் பேரு டேனி. பாடுறது அவன். அண்ணங்காரன் ரூபன். கிடாரு அவனுது. இப்ப பாரு, தம்பி ஒரு வரி பாடிட்டு நிறுத்துவான். அந்த எடத்துல அண்ணன் கிடார்ல பதில் சொல்லுவான். 'ஆமாடா, தெரியும்டா'ங்குற மாதிரி இல்ல?"

அப்படித்தான் இருந்தது. ஒரு முறை அப்படிக் கேட்டுவிட்ட பிறகு என்னால் வேறு மாதிரிக் கேட்க முடியவில்லை. ரூபன் விரலில் ஒரு கண்ணாடிக் குழாயை மாட்டிக்கொண்டு கம்பியின் மேல் இழுப்பாராம். அதனால் சுரம் படி ஏறுவது போல ஏறாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. அழுகிறவர்கள் குரல் போகிற மாதிரி.

இந்த அமெரிக்கக்காரர்கள் அவனியாபுரத்துக்கு வந்து சேர்ந்த கதை சின்னதுதான். வீரணன் அண்ணனும் அவருக்கு நாலு வயது இளையவரான பீமாராவும் திருவாதவூரில் பிறந்தவர்கள். அப்பாவும் அம்மா சோணையம்மாளும் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தார்கள். ஏதோ ஒரு கூட்டத்துக்குப் போய்வந்த கையோடு அப்பா இளையவனுக்குப் பீமாராவ் என்று பெயர் வைத்து, இவன் படிப்பான் என்றும் சொல்லிவிட்டுச் சீக்கிரமே செத்துப்போனார். அவன் படிக்கவேண்டுமானால் மூத்தவன் வேலைக்குப் போகவேண்டும். வீரணன் மதுரையில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் சேர்ந்தார். எண்பத்தாறில் அங்கே பழுதுபார்க்க வந்த ஒரு டேப் ரெக்கார்டரை யாரும் திரும்ப வாங்க வரவில்லை. இரண்டு வருடம் காத்திருந்துவிட்டு முதலாளி அதை இவரிடம் தள்ளிவிட்டார். உள்ளே ஒரு கேசட் இருந்தது. பெல்ஷா சகோதரர்கள்.

அண்ணன் ரேடியோ கடையிலும் தம்பி கல்லூரி விடுதியிலும் இருந்த காலம். சனிக்கிழமை இருவரும் திருவாதவூர் போவார்கள். டேப் ரெக்கார்டரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவார்களாம். பீமாராவ் அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கண்டுபிடிப்பார். அதோடு நிற்கவில்லை. ஒரு பலகையில் இரண்டு ஆணி அடித்து, சைக்கிள் பிரேக் கம்பியை இழுத்துக் கட்டி, இருமல் மருந்து பாட்டிலை அதன்மேல் தேய்த்து வீரணன் வாசிக்க, பீமாராவ் பாடியிருக்கிறார். நாற்று நட்டுவிட்டு வந்த சோணையம்மாள் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "யாருடா செத்தா?" என்று பதறினாராம். அதுதான் அவர்களுடைய முதல் கச்சேரி. கடைசிக் கச்சேரியும் அதுதான்.

எண்பத்தொன்பதில் பெல்ஷா சகோதரர்கள் ரசிகர் மன்றம், மதுரை மாவட்டம் என்று ரப்பர் ஸ்டாம்ப் செய்தார்கள். உறுப்பினர் இரண்டு பேர். தலைவர், செயலாளர் எல்லாம் அவர்களே. கேசட் அட்டையில் இருந்த முகவரிக்குப் பீமாராவ் இங்கிலீஷில் கடிதம் எழுதினார். பதினாலு மாதம் கழித்து ஒரு புகைப்பட அட்டை வந்தது. இரண்டு சகோதரர்களும் தொப்பி போட்டுக்கொண்டு ஒரு மர வீட்டு வாசலில் நிற்கிறார்கள். பின்பக்கம் இருவரும் கையெழுத்துப் போட்டு, "மதுரையின் சகோதரர்களுக்கு" என்று எழுதியிருந்தார்கள்.

இருவருக்கும் ஒரே ஒரு சண்டைதான் இருந்தது. யார் பெரியவர், ரூபனா டேனியா? இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். வீரணன் அண்ணன்காரர், அவருடைய ஆள் தம்பி டேனி. பீமாராவ் தம்பி, அவருடைய ஆள் அண்ணன் ரூபன். "ரூபன் இல்லாட்டி ஒன் டேனி தனியா பொலம்பணும்" என்பார் தம்பி. "பாட ஆளில்லாம ஒன் ரூபன் யாருக்குப் பதில் சொல்லுவான்?" என்பார் அண்ணன். பீமாராவ் அரசு வேலைக்குப் போய், தல்லாகுளத்தில் வீடு கட்டி, மகள் பவதாரிணி பிறந்த பிறகும் இந்தச் சண்டை நடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி எடுத்துக்கொண்டு அவனியாபுரம் வருவார். நானே பார்த்திருக்கிறேன். நாற்பது வயதைத் தாண்டிய இரண்டு ஆம்பிளைகள் அமெரிக்காக்காரனுக்காக எச்சில் தெறிக்கக் கத்திக்கொண்டிருப்பார்கள். சோணையம்மாள் கட்டிலில் படுத்தபடி சிரித்துக்கொண்டிருப்பார்.

சோணையம்மாளை ஒன்பது வருடம் வீரணன் அண்ணன்தான் வைத்துப் பார்த்தார். கடைசி மூன்று வருடம் அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, ஊட்டுவது எல்லாம் இவர்தான்.

அந்த அம்மா இறந்தபோது பீமாராவ் அலுவலகப் பயிற்சிக்குச் சென்னை போயிருந்தார். பதினோரு வருடம் ஆகிறது. உடலைத் திருவாதவூருக்குக் கொண்டுபோனோம். அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன் கொள்ளி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எல்லாரும் பீமாராவுக்காகக் காத்திருந்தோம். வானம் கறுத்துக் கட்டிக்கொண்டு வந்தது. ஊர்ப் பெரியவர்கள் மழை வருது, மழை வருது என்று நச்சரித்தார்கள். நாலு மணிக்கு வீரணன் அண்ணனின் போன் அடித்தது. பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"அண்ணே, துவரங்குறிச்சி தாண்டிட்டேன். ஒரு மணி நேரம். அம்மாவ வச்சிருங்க, வந்துர்றேன்."

வீரணன் அண்ணன் போனைச் சட்டைப் பையில் போட்டார். பந்தலைப் பார்த்தார். "எடுங்க" என்றார்.

பீமாராவ் பையும் கையுமாகச் சுடுகாட்டுக்கு ஓடிவந்தபோது வரட்டியெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. மழை வரவே இல்லை. அவர் ஒரு சொட்டு அழவில்லை. மொட்டைத் தலையும் ஈரவேட்டியுமாக நின்ற அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். திரும்பி நடந்தார். கருமாதிக்கும் வரவில்லை. அதற்குப் பிறகு அவனியாபுரத்துக்கு அவர் வரவே இல்லை.

பிறகு எனக்குத் தெரிந்த வீரணன் அண்ணன் வேறு ஆள். கடை இருந்தது, டேப் இருந்தது, சண்டை போட ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் காலையிலேயே என் கடைக்கு வந்து உட்கார்ந்துகொள்வார். எனக்கும் குடும்பம் குட்டி இருக்கிறது, மத்தியானம் வீட்டுக்குப் போகவேண்டும். ஷட்டரை இழுத்து மூடும்போது "போறியா?" என்பார். இரண்டு பேர் இருந்த மன்றத்தில் ஒருவர் போய்விட்டால் மிச்சமிருப்பவரை என்னவென்று அழைப்பது?

செல்போன் வந்ததும் யூடியூப்பில் பெல்ஷா சகோதரர்களின் பாட்டு எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் போனார். கீழே உலகம் பூராவும் இருக்கிற ரசிகர்கள் பத்தி பத்தியாக எழுதியிருப்பார்கள். இவர் எல்லாப் பாட்டுக்கும் கீழே ஒரே வரிதான் எழுதுவார். மதுரையிலிருந்து வீரணன், பீமாராவ். எந்தப் பாட்டிலும் தன் பெயரை மட்டும் போட்டு நான் பார்த்ததில்லை.

இந்த ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவர் என் கடைக்குள் வந்தார். கையில் அந்தப் புகைப்பட அட்டை.

"ரூபன் போயிட்டாரு மாப்ள."

யூடியூப்பில் படித்திருக்கிறார். எழுபத்தெட்டு வயது, தூக்கத்திலேயே போயிருக்கிறது. நான் உட்காருங்கண்ணே என்றேன். அவர் உட்காரவில்லை. "ஒரு போஸ்டர் அடிக்கணும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. "யாருண்ணே இங்க அவரத் தெரிஞ்சு..." என்று இழுத்தேன்.

"ஒருத்தனுக்குத் தெரியும். அவன் பாத்தா போதும். அவனோட ஆளுடா ரூபன். நல்லதுக்கு நான் கூப்பிட்டா வரமாட்டான். எழவுன்னா வந்துருவான். எம்புட்டுப் பகையா இருந்தாலும் எழவுக்கு வந்து கை கொடுக்காம நம்ம ஆளுக இருக்கமாட்டாங்க. நீ அடி."

இவ்வளவுதான் அவர் கேட்டது. தம்பி ஒருமுறை வாசல் ஏறி வரவேண்டும். அதற்காக அமெரிக்காவில் செத்தவருக்கு அவனியாபுரத்தில் இழவு வீடு வைக்கிறார்.

நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். இருபது வருடப் பழக்கம், கை தானாகவே ஓடியது. அஞ்சலிப் படத்தில் தொப்பி இருக்கக்கூடாது, கழற்றிவிட்டேன். தலைமுடி வைத்தேன். கோட்டை எடுத்துவிட்டு, கடையில் எல்லாருக்கும் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டேன். தோளில் ஒரு துண்டு.

"பக்கத்துல நிக்கிற தம்பிய எங்க?" என்றார் வீரணன் அண்ணன்.

"உசிரோட இருக்கறவர இதுல போடக்கூடாதுண்ணே. வெட்டிட்டேன்."

பெல்ஷா என்ற பெயர் நம்மூரில் யாருக்கும் வாயில் நுழையாது என்று அதைச் சின்னதாக்கி ரூபன் என்பதை மட்டும் பெரிதாகப் போட்டேன். மன்றத்தின் பெயர் கடைசி வரியில் எறும்பு போல ஊர்ந்தது. துயரத்தில் வாடும் வீரணன், பீமாராவ் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. இல்லத்து முகவரி என்று ஒரு கட்டம் எல்லா அஞ்சலிப் போஸ்டரிலும் உண்டு. "இல்லம் எதுன்னு போட?" என்று கேட்டேன்.

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "என் வீடுதான். அவனியாபுரம்னு போடு."

நானும் போட்டுவிட்டேன்.

ஒட்டுகிற வேலையை வழக்கமாகச் செய்யும் ராஜபாண்டியோடு வீரணன் அண்ணனும் பசை வாளியைப் பிடித்துக்கொண்டு போனார். பீமாராவ் அலுவலகத்துக்கு எதிர்ச் சுவர், அவர் பஸ் ஏறும் நிறுத்தம், டீக்கடைத் தூண் என்று தல்லாகுளத்தில் மட்டும் முப்பது. மிச்சத்தை அவனியாபுரத்தில் ஒட்டினார்கள்.

மறுநாள் காலையிலேயே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். படத்தில் இருந்தவர் கறுப்பாக, களையாக, நரைத்த மீசையோடு, என் புண்ணியத்தில் வெள்ளைச் சட்டையும் துண்டுமாக இருந்தார். வீரணன் அண்ணனுக்குப் பெரியப்பா மகன் என்று சத்தியம் செய்தால் நானே நம்பியிருப்பேன். பெயர் ரூபன், சரி, கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த சொந்தக்காரர் போலிருக்கிறது என்று ஊர் முடிவு செய்துவிட்டது. பந்தல்காரர் கேட்காமலே இருபது நாற்காலி இறக்கினார். மோட்டார் கட்டக் கொடுத்திருந்த விவசாயிகள், டீக்கடைக்காரர், பூக்கடை மாயக்காள், வார்டு பிரமுகர் ஒருவர் என்று கூட்டம். ஆண்கள் குனிந்து இரண்டு கையையும் நீட்டுவார்கள், வீரணன் அண்ணன் தொடுவார், அவர்கள் போய் உட்காருவார்கள். எங்கள் பக்கத்தில் துக்கம் கேட்பது அப்படித்தான். வார்த்தை தேவையில்லை.

மாயக்காள் மட்டும் வார்த்தையோடு வந்தாள். "ஒங்களுக்கு என்ன மொறண்ணே அவரு?"

"தம்பிக்கு ரொம்ப வேண்டியவரு" என்றார் வீரணன் அண்ணன்.

"தங்கமான மனுசன்" என்று பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் ஆரம்பித்தார். "போன பொங்கலுக்கு மாடு பாக்க வந்திருந்தாரு. வாடிவாசல் கிட்டதான நின்னு பேசிக்கிட்டிருந்தோம்."

நான் எழுந்து என் கடைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டேன். திரும்பி வந்து அண்ணனின் காதில், "உண்மையச் சொல்லிருவமாண்ணே?" என்று கேட்டேன்.

"சொன்னா எந்திரிச்சுப் போயிருவாங்க மாப்ள. இருக்கட்டும்."

எனக்கு அதுவரை இருந்த சிரிப்பு அதோடு போய்விட்டது. இந்த மனிதரின் வீட்டில் இருபது பேர் உட்கார்ந்து பார்த்து எத்தனை வருடம் ஆகியிருக்கும்? அவர்களுக்கு நடுவில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்து தெருமுனையில் தெரியும் ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் முதுகு நிமிரும். ஆள் இறங்கிய பிறகு வளையும்.

பீமாராவ் வரவில்லை. மூன்றாம் நாள் நாற்காலிகள் போய்விட்டன. ஐந்தாம் நாள் தல்லாகுளம் சுவரில் ரூபனின் மேல் யாரோ கல்யாண போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். அண்ணன் மறுபடி அடிக்கச் சொன்னார், மறுபடி ஒட்டினோம். எட்டாம் நாள் கடையைத் திறந்தார். ஆனால் டேப் போடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கம்பி சுற்றும் சத்தமும் அவர் சுற்று எண்ணும் சத்தமும் மட்டும் கேட்டன. பதினைந்து வருடமாக நான் சபித்த அந்தப் பாட்டு இல்லாமல் எனக்கே கடையில் உட்கார முடியவில்லை.

"பாக்காம இருந்திருப்பான்டா" என்றார் பத்தாம் நாள். பன்னிரண்டாம் நாள், "பாத்துட்டான். வரமாட்டான்" என்றார். அதற்குப் பிறகு சாப்பிட்டீர்களா என்று கேட்டால் தலையாட்டுவார். எதற்கு ஆட்டுகிறார் என்று தெரியாது.

பதினாறாம் நாள் சாயங்காலம் ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றியபிறகும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. வீரணன் அண்ணனுக்குத் தெரிந்தது. கையில் இருந்த கம்பிச் சுருள் நழுவிக் கீழே விழுந்து அவிழ்ந்தது. பவதாரிணி. கடைசியாகப் பார்த்தபோது பதின்மூன்று வயது.

"பெரியப்பா" என்றாள். "அப்பாவுக்குத் தெரியாம வந்திருக்கேன். நீங்க ஏன் வரல?"

"நான் வரலயா?" வீரணன் அண்ணன் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அவன்தானம்மா வரல."

"அவரு எப்படி வருவாரு? அப்பா போஸ்டர மொத நாளே பாத்துட்டாரு. அரை நாள் லீவு போட்டுட்டு வீட்டுக்கு வந்து, வாசல்ல ஆறு சேர எடுத்துப் போடச் சொன்னாரு. ஒங்க பெரியப்பா கை கொடுக்க வருவாருன்னாரு. ரூபன் அவரோட ஆளாம்ல? அப்ப நீங்கதான வரணும்? பதினாறு நாளா சாயங்காலம் எங்கயும் போகல. அந்தச் சேர்லயே உக்காந்திருக்காரு."

வீரணன் அண்ணன் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"நேத்து ராத்திரி சாப்பிடும்போதுதான் சொன்னாரு" என்றாள். சொல்லலாமா என்று ஒரு கணம் தயங்கியது தெரிந்தது. "'செத்தது என் ஆளு. துக்க வீடுன்னு அவரு அட்ரஸப் போட்டுக்கிட்டாரு பாரு. அம்மாவுக்கும் இப்படித்தான்'னாரு. சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு."

எனக்கு யாரோ செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. இல்லம் எதுவென்று நான் கேட்டதும், அவர் யோசிக்காமல் சொன்னதும், நான் தட்டச்சு செய்ததும் வரிசையாக ஞாபகம் வந்தன. இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன், இழவு யாருடையது என்று முதலில் கேட்கவேண்டும் என்று எனக்குத் தெரியவேண்டாமா?

வீரணன் அண்ணன் கீழே குனிந்து அவிழ்ந்த கம்பியைச் சுற்ற ஆரம்பித்தார். பாதியில் விட்டுவிட்டார். "இன்னும் என்ன சொன்னான்?" என்று தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"வேற ஒண்ணும் சொல்லல. நீங்க யூடியூப்ல எழுதுறதெல்லாம் அப்பா பாப்பாரு பெரியப்பா. புதுசா ஏதாச்சும் எழுதியிருக்கீங்களான்னு என்னையப் பாக்கச் சொல்லுவாரு. ரெண்டு பேர் பேரும் இருக்கான்னு கேப்பாரு. இருக்குன்னா போன வாங்கி ஒரு தடவ பாத்துட்டுக் கொடுத்துருவாரு."

அவர் எழுந்து உள்ளே போனார். குளிக்கும் சத்தம் கேட்டது. வெள்ளை வேட்டி கட்டி, அந்தப் புகைப்பட அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். "வண்டிய எடு மாப்ள" என்றார்.

அவனியாபுரத்திலிருந்து தல்லாகுளத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது. பவதாரிணி ஸ்கூட்டியில் தெருமுனைவரை வழி காட்டினாள். வைகைப் பாலத்தில் சிக்னலுக்கு நின்றபோது வீரணன் அண்ணன் பின்னாலிருந்து, "நான் போனா உள்ள விடுவானா?" என்றார். "சேர் போட்டு வச்சிருக்காருண்ணே" என்றேன். எனக்கு வேறு என்ன தெரியும்?

சின்ன வீடு. வாசலில் தகரம் இறக்கி நிழல் போட்டிருந்தது. அதன் கீழே ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஐந்து காலி. ஆறாவதில் பீமாராவ் உட்கார்ந்திருந்தார். தலை பூராவும் நரைத்துவிட்டது. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வாங்க என்று சொல்லவில்லை. துக்க வீட்டில் யாரும் வாங்க என்று சொல்லமாட்டார்கள்.

வீரணன் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறினார். தம்பியின் முன்னால் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினார். நாலு வயது மூத்தவர், பள்ளிக்கூடம் அனுப்பிப் படிக்கவைத்தவர், குனிந்த முதுகு நிமிராமல் நின்றார். காயில் கம்பி கிழித்த தழும்பெல்லாம் அந்தக் கைகளில் தெரிந்தன. பீமாராவ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்த எந்த இழவிலும் நீட்டிய கை அவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை. பிறகு அவர் தொட்டார்.

இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வீரணன் அண்ணன் புகைப்பட அட்டையை எடுத்துத் தம்பியின் மடியில் வைத்தார். தொப்பியோடு ரூபன், பக்கத்தில் டேனி. பீமாராவ் அதைத் தடவிப் பார்த்தார். ரூபனைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன்.

"அம்மா மொகம் எப்படிண்ணே இருந்துச்சு?" என்றார்.

பதினோரு வருடமாக அவர் வைத்திருந்த கேள்வி அது. வேறு யாரிடம் போய்க் கேட்பார்?

"மழைக்குப் பயந்து எடுக்கலடா" என்றார் வீரணன் அண்ணன். "ஒம்போது வருசம் நான்தான பாத்தேன், நான்தான் கொள்ளி வைப்பேன்னு எனக்கு இருந்துச்சு. மழையச் சாக்கு வச்சுக்கிட்டேன்."

பீமாராவ் தலை நிமிரவில்லை.

"நெத்தியில காசு ஒட்டி, மஞ்சள் பூசி, நல்லாத்தான் இருந்துச்சு. எளச்சுப்போயிருந்துச்சு, ஆனா மொகம் வாடல. எடது கண்ணு மட்டும் மூட மாட்டேன்னுருச்சு. ரெண்டு தடவ மூடிவிட்டேன். தெறந்துக்கிருச்சு. ஒன்னையத்தான் பாக்குதுன்னு எனக்குத் தெரியும்டா. தெரிஞ்சுதான் எடுங்கன்னேன்."

பீமாராவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அட்டையை மடியில் கவிழ்த்துவிட்டு, அண்ணனின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். சுடுகாட்டில் அழாத அழுகை. இழுத்து இழுத்து, வழுக்கி வழுக்கிப் போனது. அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்திலெல்லாம் வீரணன் அண்ணன், "தெரியும்டா... ஆமாடா, தெரியும்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் படியிறங்கி வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.